கதிரவனைக் கேட்போம்



பெங்களூரின் விளக்கொளியில் விண்மீன்கள் மறைந்துவிட்டன. நம் பிள்ளைகளுக்கு வானநூலை எங்ஙனம் கற்பிப்பது என வருந்துகிறோம். வானொலி அலைகளுக்கோ பகலும் தடையன்று; மேகமும் தடையன்று. இந்நகருக்கு வடக்கே கௌரிபிதனூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆண்டெனா வரிசை 1997 முதல் கதிரவனை ஆராய்ந்து வருகிறது.

கதிரவன் சீறும்போது எழும் வானொலி அலை எட்டே நிமிடத்தில் நம்மை அடைகிறது. அது வீசும் மின்துகள் முகில் வந்து சேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அவ்விடைவெளியே நமக்குக் கிட்டும் எச்சரிக்கை. 1989 மார்ச்சில் அத்தகைய புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இழந்தது. 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லே வானமும் செந்நிறம் பூண்டது.

2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, நம் செங்கோட்டையில் பிறந்தவர். அத்தகையோர் நம் பிள்ளைகளிடையேயும் தோன்ற வேண்டாமா?

செம்புக் கம்பியும் சிறு வானொலி ஏற்பியும் இருந்தால் பள்ளி மாடியிலேயே கதிரவனின் சீற்றத்தைக் கேட்கலாம். பொறியியல் கற்ற நம் உறுப்பினர்கள், ஞாயிற்றைப் பற்றிக் கற்பிக்கத் திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தருவார்களாக! அதையும் இனிய தமிழிலேயே கற்பிப்போம்.