உலைக்களத்தின் மொழியும் உரிமை ஏட்டின் மொழியும்



சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என மூன்று ஊர்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. முன்பு ஏரிகளாலும் வயல்களாலும் அறியப்பட்டிருந்த இவ்வூர்ப்புறங்கள், சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இரும்பாலும் நெருப்பாலும் அறியப்படலாயின. 1949-இல் தோன்றிய டி.ஐ. மிதிவண்டி நிறுவனம் அம்பத்தூரில் வேர் ஊன்றியது. 1961-இல் ஆவடியில் கவச ஊர்திகள் செய்யும் நடுவண் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1965-இல் விசயந்தா என்னும் போர் ஊர்தி அங்கிருந்து வெளிவந்தது. 1960-களில் அமைக்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுதொழிலகங்களுக்கு இடந்தந்தது. கடைசல் எந்திரம் சுழலாத தெரு அங்கில்லை. வார்ப்படம் வார்க்காத நாள் அங்கில்லை.

இவ்வளவு பெரிய தொழிற்களத்தில், கருவியைப் பிடித்த கைகள் யாருடையவை? தமிழருடைய கைகள். அக்கைகளை இயக்கிய அறிவு எம்மொழியில் ஓடியது? தமிழில் ஓடியது. ஆனால், அவ்வறிவு ஏட்டில் ஏறும்போது எம்மொழியில் ஏறியது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இன்றைய பொழிவின் பொருளும் இதுவே.

இப்பொழுது உலகெங்கும் ஒரு புதிய முயற்சி நடைபெறுகின்றது. புதிய எண்ணமுடையவன் ஒருவன் கையில் பொருளின்றி, கருவியின்றி, அறிமுகமின்றி நின்றால், அவனை அழைத்து இடந்தந்து வளர்த்துவிடும் புத்தாக்க நடுவங்கள் நகர்தோறும் தோன்றியுள்ளன. தாய்க்கோழி முட்டையை அடைகாப்பது போல் புதுத்தொழிலை அடைகாப்பதால், இவற்றுக்குத் தொழில் வளர் காப்பகம் என்று தமிழில் பொருத்தமாகவே பெயரிட்டுள்ளனர். இவை செய்யும் உதவி ஐவகைப்படும். குறைந்த வாடகைக்கு இடம், தனியொருவன் விலைகொடுத்து வாங்கவியலாத ஆய்வுக் கருவிகளைப் பயன்படுத்தும் வாய்ப்பு, தொழிலிற் பழுத்தோரின் வழிகாட்டல், தொடக்க முதல், பொருளை வாங்குவோரிடம் கொண்டுசேர்க்கும் அறிமுகம். இவ்வைந்தும் கிடைத்தால், திண்ணையில் தோன்றிய எண்ணம் தொழிற்சாலையாக வளர வழியுண்டு.

மேற்குச் சென்னையிலும் இவ்வகை முயற்சிகள் உள. ஆவடியில் வேல்டெக் கல்வி நிறுவனத்தில், நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் துணையோடு ஒரு காப்பகம் இயங்கி வருகின்றது. அம்பத்தூரில் 'அய்மா' என்று சுருக்கமாக வழங்கும் தொழிற்பேட்டை ஆக்குநர் கழகம் தனக்கெனத் தொழில்நுட்ப நடுவம் ஒன்றைக் கொண்டுள்ளது. எந்திரக் கருவிகளுக்கான பெருங்கண்காட்சிகளையும் நடத்துகின்றது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 21 மாடிகளும் 5.57 இலக்கம் சதுர அடிப் பரப்பும் கொண்ட டைடல் பூங்கா 330 கோடி உரூபாச் செலவில் திறக்கப்பெற்றது. தமிழ்நாட்டரசின் புத்தொழில் இயக்கம், தொடக்க நிலையிலுள்ள நிறுவனங்களுக்கு 10 இலக்கம் உரூபாவும், பசுமைத் தொழில்நுட்பம், ஊரக மேம்பாடு, பெண்கள் தலைமை என்னும் வகையின்பாற்பட்டவற்றுக்கு 15 இலக்கம் உரூபாவும் தொடக்க முதலாக வழங்கும் திட்டத்தை நடத்தியுள்ளது. காலங்காலமாக ஒதுக்கப்பட்ட பட்டியல் மக்கள், பழங்குடி மக்கள் ஆகியோரின் புத்தொழில்களுக்கென 2022-23-இல் 30 கோடி உரூபா ஒதுக்கப்பெற்றது. இவையெல்லாம் போற்றத்தக்கனவே. நல்லதை நல்லது என்று சொல்லாத நாவுக்குக் குறையை எடுத்துச் சொல்லும் தகுதியில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. கட்டடம் எழுந்தது, கதவு யாருக்குத் திறக்கின்றது?

அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கு இவ்வுதவி இன்று எவ்வளவு இன்றியமையாதது என்பதை முதலில் காண்க. எரியெண்ணெய் ஊர்திகளுக்கான உறுப்புகளைச் செய்து வாழும் சிறுபட்டறைகள் அங்கு மிகுதி. மின் ஊர்தியிலோ உந்துதண்டு இல்லை, அடைப்பிதழ் இல்லை, எரிபொருள் தெளிப்பான் இல்லை, புகைக்குழாய் இல்லை. மிதிவண்டி செய்து பெயர்பெற்ற அதே தொழிற்குழுமம், 2022-இல் அம்பத்தூரிலேயே மின்னாற்றலில் ஓடும் மூவுருளி ஊர்தியைச் செய்யத் தொடங்கிவிட்டது. பெரிய குழுமம் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். அதற்குப் பொருளுண்டு, ஆராய்ச்சியாளருண்டு. உந்துதண்டுக்கு வளையம் கடைந்து கொடுத்துப் பத்துக் குடும்பங்களை வாழவைக்கும் சிறுபட்டறை என்ன செய்யும்? புதுப்பொருளை ஆக்கக் கற்றால் வாழும்; கல்லாவிடின் கதவடைக்கும். புத்தாக்கம் என்பது பட்டம் பெற்ற இளைஞரின் பொழுதுபோக்கன்று. பட்டறைத் தொழிலாளியின் அடுத்த வேளைச் சோறு என்க.

தூய தொழில்நுட்பமும் அவ்வாறே. மாழைக்கு முலாம் பூசும் பட்டறையில், ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் பொருளை நீரில் அலசுகின்றனர். அவ்வலசுநீர் குரோமியம், நிக்கல் முதலிய நஞ்சுகளைச் சுமந்து வெளியேறுகின்றது. கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலப்பது குறித்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குச் சென்றதை இப்பகுதி மக்கள் அறிவர். இதற்கு எளிய தீர்வொன்றுண்டு. அலசுதொட்டிகள் மூன்றை வரிசையாக வைத்து, பொருளை முதற்றொட்டியிலிருந்து மூன்றாந்தொட்டிக்கும், நீரை மூன்றாந்தொட்டியிலிருந்து முதற்றொட்டிக்கும் எதிரெதிராகச் செலுத்தினால், தூய நீர் கடைசி அலசலுக்கு மட்டுமே தேவைப்படும். நீர்ச்செலவு பன்மடங்கு குறையும். முதற்றொட்டியில் திரளும் செறிந்த கழிவைத் தனியே எடுத்து நஞ்சை வீழ்படிவாக்குவதும் எளிதாகும். இம்முறை உலகம் அறிந்ததுதான். ஆனால், ஒவ்வொரு பட்டறையின் இடத்துக்கும் பொருளுக்கும் ஏற்ப இதனைத் திருத்தியமைக்க வல்லவர் யார்? நாள்தோறும் அத்தொட்டியில் கைந்நனைப்பவரே. எத்தொட்டி எப்பொழுது கலங்கும், எத்தனை நொடி வடியவிட்டால் எவ்வளவு கரைசல் மிஞ்சும் என்பதை அவரன்றோ அறிவார்!

அத்தகைய தொழிலாளி ஒருவர், தொட்டியமைப்பில் இதுவரை எவரும் காணாத ஒரு புதிய பொறியைக் கண்டுபிடித்துவிட்டதாக வைத்துக்கொள்க. அதன்மேல் அவருக்கு உரிமை வேண்டுமாயின் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்னரே பொறியைப் பலரறியக் காட்டிவிட்டால், அது புதியதன்று என்று தள்ளப்படக்கூடும். முதலில் இடைக்கால விளக்கம் ஒன்றைப் பதிந்துகொண்டு, 12 திங்களுக்குள் முழு விளக்கத்தைத் தரலாம் என்பது நல்லதொரு வாய்ப்பு. தனியாட்களுக்கும் சிறுதொழில்களுக்கும் புத்தொழில்களுக்கும் கட்டணச் சலுகையும் உண்டு. உரிமை கிட்டினால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அது நிற்கும். தென்னாட்டுக்குரிய காப்புரிமை அலுவலகமும் தொலைவில் இல்லை. சென்னைக் கிண்டியிலேயே இருக்கின்றது.

எல்லாம் இருந்தும் அவர் வாயிலில் நின்றுவிடுகின்றார். ஏன்? 2003-ஆம் ஆண்டின் காப்புரிமை விதிகளில் 9-ஆம் விதி, கட்டுப்பாட்டாளர் வேறுவகையில் இசைந்தாலன்றி, ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றது. தமிழ்நாட்டுத் தலைநகரில், தமிழ் மண்ணின்மீது நிற்கும் அலுவலகத்தில், தமிழன் கண்டதைத் தமிழன் தமிழில் எழுதித் தருதற்கு உரிமையில்லை! தமிழ்நாட்டில் வழங்காத இந்திக்கு அங்கு இடமுண்டு, தமிழுக்கு இல்லை.

இது உலகெங்கும் உள்ள வழக்கந்தானே என்பார் உளர். அன்று. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையைப் பார்க்க. அதன் ஆட்சிமொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் ஆகிய மூன்றே. எனினும், விண்ணப்பத்தை எம்மொழியிலும் பதியலாம். 2 திங்களுக்குள் அம்மூன்றனுள் ஒன்றில் மொழிபெயர்ப்புத் தந்தாற் போதும். பதிந்த நாளின் உரிமை கெடுவதில்லை. எனவே, அம்பத்தூர்த் தொழிலாளி தம் கண்டுபிடிப்பைத் தமிழில் எழுதி விடுத்தால், செருமனியின் மூனிச்சு நகரில் அதற்கு முறைப்படி இடமுண்டு. கிண்டியிலோ உரிமையாக இடமில்லை. அயலான் வீட்டில் திண்ணையேனும் உண்டு. தன் வீட்டில் வாயிற்படியும் இல்லை என்னும் இந்நிலை தமிழர் நெஞ்சைச் சுட வேண்டாமா?

காப்பகங்களின் நிலையும் இதனின் பெரிதும் வேறன்று. மாநில அரசின் அறிவிப்புகள் தமிழிலும் வருகின்றன என்பது மெய். ஆனால் தேர்வுக்குழு முன் எடுத்துரைத்தல், திட்ட வரைவு, முதலீட்டாளரோடு உரையாடல் ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஆங்கிலம் சரளமாகப் பேசுவோன் அரைகுறை எண்ணத்தோடு வந்தாலும் அவையேறுகின்றான். முப்பதாண்டு பட்டறிவுடையவர் நாவெழாமல் திரும்புகின்றார். அங்கு அளக்கப்படுவது அறிவா, அயன்மொழித் தேர்ச்சியா?

குமுகத் தொழில்முனைவு என்று ஒன்றைப் பெருமையாகப் பேசுகின்றனர். ஈட்டத்தை மட்டும் நோக்காது, குமுகாயத்தின் குறை ஒன்றைத் தீர்க்கவே தொழில் நடத்துவது அது. குப்பை பிரிக்கும் பெண்கள், தள்ளுவண்டி வணிகர், கட்டடத் தொழிலாளர் ஆகியோரின் குறை தீர்க்க எழும் அத்தகைய தொழில், அவர்களுக்கு விளங்காத மொழியில் திட்டமிடப்படுமானால், அது யாருடைய குறையைத் தீர்க்கும்? நோயாளிக்கு விளங்காத மொழியில் நோய் கேட்கும் மருத்துவம் அன்றோ அது!

தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது என்று கேட்போருக்கு ஒரு சொல். 1954 தொடங்கி 1968-க்குள் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்த மொழி இது. 2010-11 கல்வியாண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழிக் கற்பிக்கத் தொடங்கியது. கடைசல், வார்ப்படம், பற்றுக்குறடு, மரை, திருகு, அச்சு, அரம் என்று பட்டறைக்குரிய சொற்கள் தமிழில் இல்லாமற் போகவில்லை. இல்லாதது அச்சொற்களுக்கு அலுவலகத்தில் மதிப்பே. முதலீட்டாளர் அயலார் ஆயிற்றே என்பது மற்றொரு தடை. அயலாருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியது காப்பகத்தின் கடமை, தொழிலாளியின் கடமையன்று. இடமும் கருவியும் தரும் காப்பகம், ஒரு மொழிபெயர்ப்பாளரையும் தந்தால் குறைந்து போகுமோ?

ஆதலின் வேண்டுவன மூன்று. ஒன்று: தமிழ்நாட்டரசின் துணைபெறும் ஒவ்வொரு காப்பகமும் விண்ணப்பத்தையும் நேர்முகத்தையும் தமிழில் ஏற்றல் வேண்டும். 1956-ஆம் ஆண்டிலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாட்டுக்கு இது புதிய கோரிக்கையன்று. இரண்டு: காப்புரிமை விதி திருத்தப்பட்டு, தமிழில் தரும் விளக்கம் பதிவுநாளின் உரிமையைப் பெறல் வேண்டும், மொழிபெயர்ப்பு பின்னர் வரலாம். ஐரோப்பாவில் இயல்வது இங்கு இயலாதோ? மூன்று: அவ்விதி திருந்தும்வரை, விளக்கத்தை மொழிபெயர்த்துப் பதியும் செலவை அரசே ஏற்றல் வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று காத்திருப்பது மட்டும் தமிழுணர்வு ஆகாது. பொறியியல் கற்ற தமிழிளைஞர் ஒவ்வொருவரும் ஞாயிறு ஒன்றைப் பட்டறை ஒன்றுக்குத் தருக. அங்குள்ள மூத்த தொழிலாளியின் அருகிலிருந்து, அவர் கண்ட புதுமையை அவர் சொல்லாலேயே தமிழில் எழுதுக, வரைபடம் வரைக, பிறர்க்குக் காட்டுமுன் பதிவுக்கு வழிசெய்க. அவர் வழங்கும் தொழிற்சொற்களையும் குறித்துக் கொள்க. நூறு பட்டறைகளில் இது நடைபெறுமாயின், தமிழில் சொல்லில்லை என்ற பழியும் ஒழியும்; தமிழனுக்குக் கண்டுபிடிப்பில்லை என்ற பழியும் ஒழியும்.

உலைக்களத்தின் மொழி தமிழாக இருந்தது, இருக்கின்றது. உரிமை ஏட்டின் மொழியும் தமிழாகும் நாளில்தான், அம்பத்தூரின் உழைப்பு அம்பத்தூருக்கே உடைமையாகும். அந்நாளை விரைந்து கொணர்வது தமிழிளைஞர் கடன்.