படப்பிடிப்பும் நம் மலைநாட்டு உழைப்பாளரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சினிமாவைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். நடிகர்களைப் பற்றிப் பேச நம்மினும் வல்லவர்கள் நம் லயங்களிலேயே, அதுவும் பத்து வயதுக்கு உட்பட்டோரிலேயே, பலர் உளர். ஆதலின் திரையில் தோன்றுவோரை விடுத்து, திரைக்குப் பின்னால் கைமாறும் பணத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். அரசாங்கங்கள் படத் தயாரிப்புக்கு மானியம் தருகின்றன, வரிச்சலுகை அளிக்கின்றன. அந்தப் பணம், படம் எடுக்கப்படும் ஊரின் கடைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் வந்து சேருகின்றதா? இதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஏலப்பாறையில் வாழும் நமக்கு இது பிறர் வீட்டுச் செய்தியன்று. வாகமண் புல்மேடுகளையும் குட்டிக்கானத்து மூடுபனியையும் தேடிப் படக்குழுவினர் வருவது நாம் கண்கூடாகக் காணும் காட்சி. பிருத்விராஜ் இயக்கி மோகன்லால் நடித்து 2019-இல் வெளிவந்த ‘லூசிபர்’ படத்தில் ஒரு பழைய மாதா கோயில் வருகின்றதல்லவா? அது நம் உப்புத்தறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் உள்ளது. அதுவரை யாரும் ஏறிட்டுப் பாராத அக்கட்டடத்தைக் காண, அப்படம் வெளியான பின் வெளியூரார் வண்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கினர். ஒரு படத்தினால் ஊருக்கு இருமுறை வரும்படி உண்டென்பதை அன்று அறிந்தோம். எடுக்கும்போது ஒருமுறை, பார்த்தவர் வரும்போது மறுமுறை.

எடுக்கும்போது என்னென்ன செலவாகும்? யூனிட்டுக்குத் தங்கும் அறைகள் வேண்டும். மேடேற ஜீப்புகள் வேண்டும். கம்பம் சந்தையிலிருந்து வரும் காய்கறி வேண்டும். அரங்கம் அமைக்கத் தச்சரும் வர்ணம் பூசுவோரும் வேண்டும். விடியுமுன் ஐந்து மணிக்கே தேநீர் வேண்டும். இதில் மட்டும் எந்தப் படக்குழுவும் சிக்கனம் பார்ப்பதில்லை! கொழுந்தெடுக்கும் பெண்டிராக நிற்க, கொழுந்தெடுக்கும் பெண்டிரே வேண்டும்.

2000-ஆம் ஆண்டையொட்டிப் பீருமேடு வட்டாரத்தில் தோட்டங்கள் பல கைவிடப்பட்டு, கூலியும் பணிக்கொடையுமின்றி நம் குடும்பங்கள் நின்ற நிலையை இங்குள்ள முதியோர் மறந்திரார். தேயிலை ஒன்றையே நம்பிய ஊர், தேயிலை சாய்ந்தால் தானும் சாயும். எனவே வேறு எவ்வழியில் பத்து நாள் கூலி கிடைப்பினும் அதை ஏளனம் செய்யும் நிலையில் நாம் இல்லை.

இனி, மானியத்தின் வலிமையைப் பார்ப்போம். ஒரு காலத்தில் மலையாளப் படங்களிற் பெரும்பாலானவை சென்னைக் கோடம்பாக்கத்திலேயே உருவாயின. அத்தொழிலைத் தன் மண்ணுக்கு அழைத்துவரக் கேரள அரசு 1975-இல் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. திருவனந்தபுரத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ எழுந்தது. கேரளத்துக்குள்ளேயே எடுக்கும் படங்களுக்கு மானியம் வழங்கப்பட்டது. மானியம் ஒன்றினாலேயே எல்லாம் நடந்தது என்று கூறமாட்டோம். வெளிப்புறப் படப்பிடிப்பு எளிதானதும் ஒரு காரணம். ஆயினும் நாளடைவில் தொழில் இடம் பெயர்ந்தது. அதனால் கோடம்பாக்கத்துத் தமிழ் உழைப்பாளர் சிலர் வேலையிழந்தும் இருப்பர். ஓர் ஊரின் ஆதாயம் மற்றோர் ஊரின் இழப்பாவதும் இதில் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 2006-இல், தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளிக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் தமிழ் மணத்தது, மகிழ்ந்தோம். 2011-இல் வேறு சில நிபந்தனைகளும் சேர்ந்தன. எனினும் அச்சலுகை, படம் எங்கே எடுக்கப்பட்டது, யாருக்குக் கூலி கொடுக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்ததாக இருந்ததில்லை. சுவிட்சர்லாந்துப் பனியில் பாட்டெடுத்ததனால் மட்டும் அன்று விலக்கு மறுக்கப்படவில்லை. அவ்வாறு மிஞ்சிய பணம் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், கொட்டகைக்காரர் ஆகியோரோடு நின்றுவிட்டது. விளக்குத் தூக்கியவருக்கு அதில் ஒரு காசேனும் தந்தாக வேண்டுமென்னும் விதி இருந்ததில்லை.

கனடா நாட்டு நடுவண் அரசு செய்வதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டார் அங்கு வந்து படமெடுத்தால், அந்நாட்டில் குடியிருப்போருக்குக் கொடுத்த சம்பளத்தில் 16 விழுக்காட்டைக் கணக்கிட்டு வரிக்கடன் தருகின்றது. சலுகையின் அடிப்படை, உள்ளூரார் பெற்ற சம்பளம். ஆகவே உள்ளூரானை வேலைக்கு வைப்பதும், அவன் பெயரைப் பேரேட்டில் எழுதுவதும் தயாரிப்பாளருக்கே இலாபம். நம் நாட்டு நடுவண் அரசும் வெளிநாட்டுப் படங்களுக்கு ஊக்கத்தொகை வைத்துள்ளது. 2022-இல் அறிவித்தபோது, இந்தியத் தொழிலாளர் 15 விழுக்காடு இருப்பின் கூடுதல் தொகை உண்டென்றார்கள். 2023 நவம்பரில், இங்குச் செய்யும் தகுதியான செலவில் 40 விழுக்காடு வரை, 30 கோடி ரூபாய் உச்சவரம்புடன், தருவதாக உயர்த்தினார்கள். ‘தகுதியான செலவு’ என்னும் இரண்டு சொற்களை நம் கடைக்காரர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். கணக்கர் சரிபார்க்கத்தக்க ரசீது இருந்தாலன்றிச் செலவு செலவாகாது. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மேலாளர் அடுத்த முறை கோட்டயத்துப் பெருங்கடைக்குப் போய்விடுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை.

நம் சொந்த அனுபவம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படக்குழு வந்தது, பெயர் வேண்டாம். நம் பெண்கள் பதினெண்மர் இரண்டு நாள் மழையில் கூடையுடன் நின்றனர். ஆட்களைத் திரட்டித் தந்த ஏஜெண்டு, பேசிய கூலியில் ஏறக்குறையப் பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். எந்தத் தாளிலும் நம் பெண்களின் பெயர் இல்லாமையால், கேட்கவும் வழியில்லை. அன்று ஒரு பாட்டி கூறினார்: “எங்க அப்பன் காலத்துக் கங்காணிதான் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்திருக்கான்.” நாம் நகைத்தோம், ஆயினும் அது நகைக்கத்தக்கதன்று. கழிப்பறை வசதியும் அந்த இரண்டு நாளும் இல்லை. நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, படப்பிடிப்பிடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாமையை அது எடுத்துரைத்திருக்கக் கண்டோம். நம் பதினெண்மர் அறிந்ததை அரசாங்கமும் அறிந்துகொண்டது.

2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தில் லெனின் பாரதி அம்மலைப்புற மக்கள் பலரையே நடிக்க வைத்தார். ஏல மூட்டை சுமந்து மலையேறும் நடையை வேறு எவரிடம் கற்பது? நம் முகத்துக்கும் நடைக்கும் விலையுண்டு. அந்த விலை நம் கைக்கு வருவதே வேண்டுவது.

அதற்கு நாம் செய்யத்தக்கவை சில உள. சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறந்துள்ளோம். ஜீப் வைத்திருப்போர், தச்சர், மின்வேலை அறிந்தோர், சமையற்காரர், கூட்டக் காட்சிக்கு வர விரும்பும் பெண்டிர் ஆகியோர் தம் பெயரை எழுதலாம். படக்குழு வந்தால் ஏஜெண்டை நாடாமல் அப்பதிவேட்டை நாடும்படி விடுதிக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கின்றோம். கூலி, நேரம், உணவு, கழிப்பறை என நான்கையும் ஒரு தாளில் எழுதி, இரு சாராரும் கையொப்பமிட்ட பின்னரே கூடை தூக்குவதென்று மாதர் பிரிவினர் முடிவு செய்துள்ளனர். சிறு கடைக்காரர்களுக்கு உத்யம் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது; நம் கல்லூரி மாணவர்கள் கைப்பேசியிலேயே செய்து தருவார்கள். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆதார் அட்டையுடன் வாருங்கள். மழை பெய்தாலும் அலுவலகம் திறந்திருக்கும்.