மனுவின் நாலாவது வரி

(ராசிங்காபுரத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் கிளம்புவதை அன்றாடம் பார்க்கிறவர்கள் நீங்கள். போடிமெட்டு ஏறும்வரை பல சாதிப் பெண்களும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் இறங்கியதும் அவரவர் தெருவுக்குப் பிரிந்துவிடுவார்கள். ஒரே ஜீப்பில் வேலைக்குப் போகலாம், ஒரே தெருவில் குடியிருக்க முடியாது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு தெருவை ஒட்டிப் புதிதாக வீடுகள் வரப்போகின்றன என்றால், ஏற்கெனவே இருப்பவர்கள் ஒரு மனு எழுதுவார்கள். திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தண்ணீர் போதாது, சாக்கடை தாங்காது, பாதை குறுகல் என்று மூன்று காரணம் இருக்கும். நாலாவதாக ஒரு வரி இருக்கும்: ‘சட்டம் ஒழுங்கு கெடும்.’

முதல் மூன்றை நான் கேலி செய்ய மாட்டேன். கோடையில் காலிக் குடத்தோடு நிற்கிறவருக்கு அது உண்மையான கவலை. அதற்கு வழியும் உண்டு. பெரிய தொட்டி கேளுங்கள், வடிகால் கேளுங்கள், கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே இடத்தில் சொந்தச் சாதிக்காரர் பிளாட் போட்டு விற்றால் இந்த மனு எழுதப்படுமா? தண்ணீர்க் கணக்கு சாதி பார்த்து மாறாது. மாறுகிறது என்றால், கவலை தண்ணீரைப் பற்றியது இல்லை.

நாலாவது வரிக்கு வயது அதிகம். அமெரிக்காவின் லூயிவில் நகரில், வெள்ளையர் மிகுதியாக வாழும் தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். சொன்ன காரணம், மோதலைத் தடுத்து அமைதி காக்க. 1917-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நமக்குப் பக்கத்து மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு எழுந்த சுவருக்கும் ‘பாதுகாப்பு’ என்றுதான் பெயர். 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை விட்டது. எதிர்த்தவர்கள் ரேஷன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். வந்தது ஒரு பாதை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, அதில் குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரால் தடுத்தால் அது குற்றம். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை சிறை. டீக்கடைத் தனிக் குவளை குற்றம் என்று நமக்குத் தெரிகிறது. இதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

அரசையும் கேட்க வேண்டும். 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். குடிசை கான்கிரீட் ஆவது நல்லது. ஆனால் மனை இருக்கும் இடத்தில்தான் வீடு. மனை காலனியில் இருந்தால் வீடும் காலனியில்தான். கூரை மாறும், தெரு மாறாது.

தெருவையே மாற்ற முயன்ற திட்டம் பெரியார் நினைவுச் சமத்துவபுரம். முதலாவது, 1998-இல் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீட்டில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. ஆனாலும் அது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஊர். ஊருக்குள் இருக்கும் தெரு அப்படியே இருந்தது. அந்த வேலை இன்னும் பாக்கி.

அந்த மனு உங்கள் வீட்டுக்கும் வரும். அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார், மாமா உங்களிடம் பேனாவை நீட்டுவார். வாங்கிப் படியுங்கள். தண்ணீர், சாக்கடை, பாதை மூன்றையும் தனி மனுவாக எழுதுங்கள். வரப்போகிற குடும்பங்களின் கையெழுத்தையும் அதில் வாங்குங்கள். அவர்களுக்கும் தண்ணீர் வேண்டும்தானே? நாலாவது வரி இருக்கும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் சத்தம் வரும். சாதி ஒழிப்பு என்று மேடையில் நாம் பேசுவதை அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்று சொல்ல வேண்டும்.