விருந்தினரா, விருந்தா?

“ஐயா வருக! அரியணை காத்திருக்கிறது, அமர்க!” என்று ஒருவன் அழைத்தால், அந்த அரியணைக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்பது அறிவுடையோர் வழக்கம். கைப்பேசிக்குள் கடை விரித்திருக்கும் இணையக் கேசினோக்கள், வாடிக்கையாளரிலே சிலரைப் பொறுக்கியெடுத்து ‘வி.ஐ.பி.’ என்று பட்டம் சூட்டுகின்றன. வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் எனப் படிக்கட்டு. ஏற ஏற மரியாதை! அந்த மரியாதையைத் தராசிலிட்டு நிறுத்துப் பார்ப்போம், வாருங்கள்.

நன்மைத் தட்டிலே முதலில் வைப்போம். வழக்கென்று வந்தால் எதிர்த் தரப்பின் வாதத்தையும் கேட்பதுதானே முறை? இழந்த தொகையிலே ஒரு பங்கு திரும்ப வரும். வென்ற பணம் விரைந்து வரும். பிறந்த நாளுக்குப் பரிசு வரும். கால்பந்துப் போட்டிக்கு நுழைவுச் சீட்டு வரும். குறை கேட்கத் தனி மேலாளர் ஒருவரே வருவார்! இவை பொய்யல்ல, தருகிறார்கள். வருவாய்க்குள் ஓர் எல்லை வகுத்து, பொழுதுபோக்காக ஆடி, எல்லை வந்ததும் எழுந்துவிடும் மனிதருக்கு இவை சிறு தள்ளுபடிதான். மறுக்கவில்லை நான்.

இனி மற்றத் தட்டு. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்திலே இருப்பவை 37 எண்கள். ஓர் எண்ணிலே பணம் வைத்து வென்றால் 35 மடங்கு ஆதாயம் தருகிறார்கள். சரிக்குச் சரியான ஆட்டமென்றால் தரவேண்டியது 36 மடங்கு. விடுபட்ட அந்த ஒரு மடங்கின்மீதுதான், தோழர்களே, மாளிகை எழும்புகிறது! வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு கேசினோவின் பெட்டிக்குப் போகிறது. மொத்தம் 1 இலட்சம் ரூபாய்க்குப் பந்தயம் வைத்தவர் சராசரியாக 2,700 ரூபாய் இழப்பார். அதிலே பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தால் வருவது 270. “என்னே பெருந்தன்மை!” என்று களிக்கிறார். கரைந்துபோன 2,430 ரூபாய் அவர் கண்ணிலே படுவதில்லை.

போனஸ் என்பார்கள். 10,000 ரூபாய் போனஸ். ஆனால் அதைப்போல் 30 மடங்குக்குப் பந்தயம் வைத்த பிறகே வெளியே எடுக்கலாம் என்று நிபந்தனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 3 இலட்சம் ரூபாய்க்கு ஆட வேண்டும். நூற்றுக்கு 4 பிடித்துக்கொள்ளும் ஸ்லாட் ஆட்டத்திலே அதை முழுவதும் ஆடி முடித்தால் சராசரி இழப்பு 12,000! கொடுத்த கை 10,000 கொடுத்தது. எடுத்த கை 12,000 எடுத்தது. இதற்குப் பெயர் பரிசாம்!

படியேறத் தகுதி என்ன? கல்வியா, கலையா, தொண்டா? பந்தயத்திலே கொட்டிய தொகை! வெள்ளியிலிருந்து தங்கத்திற்குப் போக இன்னும் சிறிது, தங்கத்திலிருந்து வைரத்திற்குப் போக இன்னும் சிறிது என்று ஆடுகிறார். பட்டம் ஏறுகிறது, பணப்பெட்டி இறங்குகிறது.

வெறும் கற்பனைக் கணக்கென்று எண்ணாதீர்கள். பிரிட்டனிலே இது உரிமம் பெற்ற தொழில். கண்காணிக்கச் சூதாட்ட ஆணையமும் உண்டு. அந்த ஆணையத்தின் ஆவணம் ஒன்று 2020 சனவரியில் செய்தித்தாளிலே வெளிவந்தது. ஒரு நிறுவனத்தில் கட்டப்பட்ட பணத்திலே நூற்றுக்கு 83 பங்கு யாரிடமிருந்து வந்தது தெரியுமா? வாடிக்கையாளரிலே நூற்றுக்கு 2 பேரான வி.ஐ.பி.க்களிடமிருந்து! அதே ஆண்டு மார்ச்சு மாதம், ‘பெட்வே’ நிறுவனம் 1 கோடியே 16 இலட்சம் பவுன் செலுத்த நேர்ந்தது. குற்றம், வி.ஐ.பி. வாடிக்கையாளர் எழுவரைப் பற்றியது. அவர்களிலே ஒருவர் நான்கு ஆண்டுகளில் 80 இலட்சம் பவுன் கட்டி, 40 இலட்சத்துக்கு மேல் இழந்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டிய நேரத்திலே முறையாக விசாரிக்கவில்லை!

2020 அக்டோபர் இறுதியில் ஆணையத்தின் புது விதி நடைமுறைக்கு வந்தது. ஒருவரை வி.ஐ.பி. ஆக்குமுன் இந்தச் செலவை அவர் தாங்குவாரா, ஆட்டத்தால் அழிகிறாரா, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும். மேலதிகாரி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். விருந்துக்கு அழைக்குமுன் விருந்தினரின் உடல்நிலையைச் சோதிக்கச் சட்டம் தேவைப்படுகிறதென்றால், பந்தியிலே பரிமாறப்படுவது என்ன என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

பாரதக் கதையிலே தருமனை எப்படி அழைத்தார்கள்? “நாட்டைத் தோற்க வா” என்றா? மண்டபம் காண வருக என்றல்லவா அழைத்தார்கள்! வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்தே சூதினை வைத்தார். சூதுக்கு அடுத்து வைத்த அதிகாரம் மருந்து.

இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. என்றாலும், அயல்நாட்டுக் கூடத்தின் அழைப்பு கைப்பேசிக்கு வர அஞ்சல்காரர் தேவையில்லை. வரும்போது காகிதமும் பென்சிலும் எடுங்கள். இதுவரை கட்டியது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று இரண்டே வரி எழுதுங்கள். பட்டத்தைக் கணக்கிலே சேர்க்காதீர்கள். பட்டத்தைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது.

விருந்தினருக்கு இலை போட்டுப் பரிமாறுவார்கள். இலையிலே இருப்பது உங்கள் வீட்டு அரிசி என்று தெரிந்தபின்னும் அமர்வீர்களா? எழுந்திருங்கள்!