'வரை' என்ற ஒரு சொல்: தீர்ப்புகளை எப்படிப் படிப்பது?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டம், தீர்ப்பு என்றாலே அது வக்கீல்கள் பாடு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் நீங்கள் மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ் பணமே ஒரு சொல்லுக்கு நீதிமன்றம் என்ன பொருள் கொள்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

குடியிருப்போர் சங்கம் ஒரு உறுப்பினரிடம் வாங்கும் தொகையில் மாதம் ரூ.7,500 வரை ஜி.எஸ்.டி. விலக்கு என்கிறது அரசு அறிவிக்கை. முதலில் ரூ.5,000 ஆக இருந்தது. 2018 ஜனவரியில் உயர்த்தினார்கள். சரி, ஒருவர் ரூ.9,000 கட்டினால்?

2019 ஜூலையில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 7,500-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் வரி என்றது. அதாவது ரூ.1,620. மிகுதியுள்ள 1,500-க்கு மட்டும் என்றால் ரூ.270தான். ஒரு வீட்டுக்கு மாதம் ரூ.1,350 வித்தியாசம். நூறு வீடுகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதம் ரூ.1,35,000!

விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஜூலையில் நீதிபதி அனிதா சுமந்த் தீர்ப்பளித்தார். 'வரை' என்றால் ஓர் உச்ச வரம்பு, அதற்கு மேற்பட்ட தொகைக்குத்தான் வரி என்று சொல்லி, சுற்றறிக்கையின் விளக்கத்தை ஏற்கவில்லை.

"வங்கியில் வட்டி வரம்பைத் தாண்டினால் முழு வட்டிக்கும் டி.டி.எஸ். பிடிக்கிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நான் கவுன்டரில் இருந்த காலத்தில் அடிக்கடி கேட்ட கேள்வி இது. அங்கே சட்டத்தின் வாசகம் வேறு. வட்டி இவ்வளவைத் தாண்டாவிட்டால் பிடித்தமே பொருந்தாது என்று அது சொல்கிறது. அது நிபந்தனை, இது அளவு. சொல் மாறினால் கணக்கும் மாறும்.

இன்னொரு கேள்வியும் வரும். வரிவிலக்கு அறிவிக்கையில் சந்தேகம் இருந்தால் அரசுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்று 2018-ல் திலீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறதே? உண்மைதான். ஆனால் அந்த விதி வாசகத்தில் குழப்பம் இருக்கும்போதுதான். வாசகம் தெளிவாக இருந்தால் அந்த விதிக்கு வேலையே இல்லை.

சுற்றறிக்கை என்பது துறை சட்டத்தைப் புரிந்துகொண்ட விதம், அவ்வளவே. அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதை 2008-ல் ரத்தன் மெல்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இனி நம் வாட்ஸ்அப் குழுவில் "கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று ஏதாவது வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, சொன்னது யார்? உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் அரசியல் சாசனத்தின் 141-வது பிரிவுப்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். வேறு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்பை இங்கே எடுத்துக்காட்டலாம், கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டு, அந்த வழக்கில் முடிவு செய்த கேள்வி எது? முடிவுக்குக் காரணமாக அமைந்த சட்டக் கருத்துதான் முன்னுதாரணம். போகிற போக்கில் நீதிபதி சொன்னதற்கு அந்த வலு கிடையாது.

மூன்று, அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறதா? மேல்முறையீட்டில் மாறியிருக்கலாம், சட்டமே திருத்தப்பட்டிருக்கலாம். நான் சொன்ன 2021 தீர்ப்பும் தனி நீதிபதி வழங்கியது. அதை வைத்து வசூலை மாற்றுமுன் இன்றைய நிலையை நம் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வதே முறை.

மெயின்டனன்ஸ் கூடினாலும் குறைந்தாலும் அது பென்ஷனில் வாழ்பவர் முதல் வாடகைக்கு இருப்பவர் வரை எல்லோர் பையையும் தொடும். ஆகவே தலைப்பை மட்டும் பார்த்து ஃபார்வர்டு செய்யாமல், மூல வாசகத்தை ஒருமுறை படியுங்கள். அடுத்த பொதுக்குழுவில் சண்டை பாதியாகக் குறையும்.