தட்டைப்புழுவும் நைல் நதி வாய்க்கால்களும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புழுக்களைப் பற்றிய பேச்சு என்றதும் பள்ளிக்கூடத்தில் வரிசையாய் நின்று பேதிமருந்து குடித்த நினைவு பலருக்கு வந்திருக்கும். நான் சொல்லப்போவது அந்தக் கொளுக்கிப்புழுவன்று. தட்டைப்புழு என்னும் வேறோர் இனம். இவ்வினத்துட் சில வேகாத மீனோடு ஈரலை அடையும்; சில வேகாத நண்டோடு சுவாசப்பையை அடையும். நன்றாகச் சமைத்து உண்பவன் இவற்றுக்குத் தப்பலாம். ஆனால் குருதித் தட்டைப்புழு வாய்வழியே வருவதில்லை. தண்ணீரில் கால் வைத்தாற் போதும், தோலைத் துளைத்து உட்புகும். அதனால் வரும் நோய்க்குப் பில்ஹார்சியா என்று பெயர். நம் நாட்டு மக்களிடையே அந்நோய் பரவியதில்லை. ஆபிரிக்காவிலேயே அது மிகுதி. எகிப்தின் வரலாற்றை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நோய் பரவுவதில் மனிதன் கைக்கு எவ்வளவு பங்குண்டு என்பது அங்கே தெளிவாய்த் தெரிவதேயாம்.

நோய் மிகப் பழையது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மம்மிகளின் சிறுநீரகத்தில் இப்புழுவின் முட்டைகள் இருந்ததை 1910இல் றபர் என்ற அறிஞர் வெளியிட்டார். புழுவையே முதலிற் கண்டவர் தியோடோர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர். 1851இல் கெய்ரோ வைத்தியசாலையில் இறந்தவர் ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது, ஈரலுக்குச் செல்லும் நாளத்தில் அதனைக் கண்டார். அப்பொழுது அவருக்கு வயது 26. இங்கே பின்வரிசையில் இருப்போர் கவனிக்க!

புழு உடம்புக்குள் எப்படி வருகிறது என்பதோ அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விளங்கவில்லை. 1915இல் லைப்பர் என்ற பிரித்தானிய ஆராய்ச்சியாளர் கெய்ரோவுக்கு அருகில் வாய்க்கால் நத்தைகளைச் சேகரித்து ஆராய்ந்து மர்மத்தை அவிழ்த்தார். நோயாளியின் சிறுநீரோடு, அல்லது மலத்தோடு, முட்டைகள் வெளிவருகின்றன. அவை தண்ணீரைச் சேர்ந்ததும் வெடித்து, நுண்மயிர்களால் நீந்தும் சிறு குடம்பி வெளிப்படுகிறது. அது சில மணி நேரத்துக்குள் தனக்குரிய நத்தையைத் தேடிப் புகவேண்டும்; இல்லையேல் மடியும். புகுந்துவிட்டாலோ ஒன்று ஆயிரக்கணக்காய்ப் பெருகுகிறது. சில வாரங்களின் பின் கவைவாலுடைய குடம்பிகள் நத்தையிலிருந்து புறப்படுகின்றன, அதுவும் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில். உழவன் வாய்க்காலில் இறங்குவதும், பெண்கள் துணி துவைப்பதும், சிறுவர் நீந்துவதும் அதே பகலில்தானே! மனிதத் தோல் அகப்படாவிட்டால் அவையும் இரண்டு நாளுக்குள் இறந்துபோகும். தோலைத் துளைத்தவை குருதியோடு சென்று வளர்ந்து, ஆணும் பெண்ணும் இணைந்து பல ஆண்டுகள் வாழ்கின்றன. உடம்பைக் கெடுப்பது புழுவைவிட முட்டையே. வெளியேற முடியாத முட்டைகள் மூத்திரப்பையிலும் ஈரலிலும் தங்கிப் புண்ணையும் தழும்பையும் உண்டாக்கும்; மூத்திரப்பையிற் புற்றுநோய்க்கும் வழி செய்யும்.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், “தண்ணீரை அசுத்தஞ் செய்யும் பாமரனின் குற்றந்தான் இது” என்று சொல்லக்கூடும். படித்தவர்கள் எளிதாய்ச் சொல்லும் தீர்ப்பு இது. நான் அதை ஒப்பமாட்டேன். பண்டைக்காலத்தில் நைல் நதி ஆண்டுக்கொருமுறை பெருகி வயல்களை நிரப்பி வடிந்துவிடும். பின் நிலம் பல மாதம் காய்ந்து கிடக்கும். நத்தைகள் பெருக இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்திப் பயிருக்காக ஆண்டு முழுவதும் நீர் ஓடும் வாய்க்கால்களை வெட்டினார்கள். 1902இல் அசுவான் அணை எழுந்தது. 1970இல் அதனிலும் பெரிய அணை கட்டி முடிந்தது. விளைச்சல் பெருகியது, நத்தையும் பெருகியது. புதிய வாய்க்கால் சென்ற கிராமங்களில் சில ஆண்டுகளுக்குள்ளேயே நோய் பன்மடங்காயிற்று. வாய்க்காலுக்குத் திட்டம் வகுத்தவர்கள் அதன் கரையிலே கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் திட்டம் வகுக்கவில்லை. வேறு தண்ணீரில்லாத உழவன் எங்கே போவான்?

இனி மருந்தின் கதை. 1918இல் கார்ட்டூமிலிருந்த டொக்டர் கிறிஸ்தோபர்சன், அந்திமனி உப்பை நாளத்தில் ஊசியேற்றினால் புழு சாகும் என்று எழுதினார். பிற்காலத்தில் எகிப்திய அரசாங்கம் அம்மருந்தைக் கிராமங்கள்தோறும் இலட்சக்கணக்கானோருக்கு ஏற்றியது. ஒருவருக்கே பல வாரங்களில் பல ஊசிகள் தேவை. கண்ணாடி ஊசிக்குழல்களைச் சரியாய்க் கொதிக்கவைக்காமல் ஒருவர் பின் ஒருவராய்ப் பலருக்கு உபயோகித்தார்கள். ஈரலைத் தாக்கும் ‘சி’ வகைக் கிருமி அவ்வழியே ஊரெங்கும் பரவிற்று. அக்கிருமியை விஞ்ஞானம் இனங்கண்டது 1989இலேதான். ஆயினும் அசுத்தமான ஊசியாற் காமாலை பரவும் என்பது அதற்கு வெகுகாலம் முன்னரே வைத்தியர்கள் அறிந்த விஷயம். பழி முழுவதையும் அறியாமைமேற் போட்டுவிட முடியாது. 2008இல் எடுத்த கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள எகிப்தியருள் ஏறக்குறைய ஏழில் ஒருவரின் குருதியில் அக்கிருமி தீண்டிய அடையாளம் இருந்தது.

1980களில் பிரசிகுவான்டெல் என்ற வில்லை வந்தபின் ஊசிக்கு வேலையில்லாமற் போயிற்று. அதை விழுங்கினால் புழு சாகும். ஆனால் மறுநாளே வாய்க்காலில் இறங்கினால் மீண்டும் தொற்றலாம். வில்லையும், நத்தை ஒழிப்பும், குழாய்த் தண்ணீரும் சேர்ந்தே எகிப்தில் நோயைப் பெரிதும் தணித்தன. ஊசியால் வந்த ஈரல் நோயோ வேறு கணக்கு. 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 5 கோடிப் பேரின் குருதியைச் சோதித்து, நோயுற்றவர்களுக்கு அரசாங்கம் இலவசமாய் மருந்து கொடுத்தது. அந்நோயை ஒழிக்கும் பாதையில் எகிப்து எட்டிய நிலையை 2023இல் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. முதல் ஊசிகளை ஏற்றிக்கொண்ட உழவர்களுட் பலர் அதற்குள் ஈரல் சுருங்கி இறந்துவிட்டார்கள்.