குன்றிமணியும் கட்டைத் துண்டும்



விளையாட்டுச் சாமான் அடுக்குவதும் ஓர் இலக்கியப் பேச்சா என்று கேட்பீர்கள். புறநானூற்றின் 36ஆம் பாட்டிலே ஆலத்தூர் கிழார், ஆன்பொருநை ஆற்று மணலிலே பொற்கழங்கு ஆடும் பெண்களைக் காட்டுகிறார். கழங்கு என்பது கழற்சிக்காய்; அங்கே பொன்னாற் செய்தது. நமது கொக்கான் வெட்டுக்கு மூத்தது. அதைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். ஆட்டம் முடிந்தபின் அந்தப் பொற்காய்களை எண்ணி எடுத்து வைத்தவர் யார்?

செட்டிபாளையத்திலே எங்கள் வீட்டில் அந்த வேலை பெத்தாச்சிக்கு உரியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, முற்றமெல்லாம் மணல். விழுந்தது புதைந்துவிடும். பல்லாங்குழிப் பலகையிலே வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஆறாக 84 குன்றிமணி. ஆடி முடிந்ததும் அள்ளிக் கொட்ட விடமாட்டா. மறுபடியும் குழிக்கு ஆறாக இட்டுக் காட்டவேண்டும். கடைசிக் குழியில் நாலு நின்றால், இரண்டு மணலுக்குள் கிடக்கிறது என்று பொருள். பலகையே கணக்குப்பிள்ளை! பிறகுதான் மூடியுள்ள பனையோலைப் பெட்டி. சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டில் ஆடும் 'ஒலிந்த கெலிய'வும் இதன் உறவே. ஒலிந்த என்றால் குன்றிமணி.

அந்தக் கண்டிப்புக்கு அழகு மட்டும் காரணமல்ல. குன்றிமணிக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் பெரும்பாலும் காக்கும்; மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டைக்கு நஞ்சில்லை, ஆனால் தொண்டையை அடைக்கும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இரண்டுக்கும் இடம் அலுமாரியின் மேல்தட்டுத்தான்.

இன்று எங்கள் வீடுகளுக்கு லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் லெகோக் கட்டைகள் வருகின்றன. டென்மார்க்கின் பில்லுண்டிலே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய தொழில் அது. ஒன்றையொன்று கவ்வும் இன்றைய அமைப்புக்கு 1958இல் காப்புரிமை கேட்டார்கள். அக்காலக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். ஆகையால் மாமன் மகனுடைய துண்டும் நம் பிள்ளையுடையதும் கலந்தால் குடி மூழ்காது.

பலரும் இவற்றை நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள். பார்வைக்கு நன்று, தேடுகிறவனுக்கு உதவாது. சிவப்புக் குவியலுக்குள் சிவப்பான சிறு துண்டு ஒளிந்துகொள்ளும். வடிவம் பார்த்துப் பிரித்தால் நிறம் தானாகக் கண்ணிற் படும். பொருளாலே சொற்களைத் தொகுத்த நிகண்டு இருக்கவும், தேடுவோர் அகரவரிசைக்கு மாறியது நினைவுக்கு வருகிறது. பால்மாப் பேணி வேண்டாம். எங்கள் உவர்க்காற்றில் துருப்பிடிக்கும். வாயகன்ற பிளாஸ்டிக் போத்தலென்றால் உள்ளிருப்பது வெளியே தெரியும். விளையாடும்போது கீழே பழைய சேலை ஒன்றை விரித்துவிட்டால், முடிவில் நாலு முனையையும் தூக்கினால் போதும்.

ஒன்றிலே மட்டும் நான் பெத்தாச்சியின் கட்சியல்ல. பாதி கட்டிய வீட்டைப் பிரித்துப் போத்தலுக்குள் போடு என்று நான் சொல்வதில்லை. மணல்வீட்டை அழித்துவிடாதே என்று சிறுமியர் இறைஞ்சும் சிற்றிற் பருவத்தை வகுப்பிலே விளக்கிவிட்டு, வீட்டிலே வந்து அதை எப்படிச் செய்வது? சுளகோடு தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகிறோம். இப்போது அங்கே ஒரு பாலமும் அரை வீடும் இருக்கின்றன. அரிசி புடைக்க என் மனைவி அடுத்த வீட்டுச் சுளகை இரவல் வாங்குகிறா.